இரண்டு மருந்தும் 14 வருஷமும்

எங்கள் பக்கத்தில் யாராவது 'மருந்து' என்று சொன்னால், எந்த மருந்து என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீக்குச்சி முனையில் இருப்பதும் மருந்துதான், வெடிக்குள் கெட்டிப்பதும் மருந்துதான், காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்துதான். "அப்பா மருந்து ரூம்ல இருக்காரு" என்று ஒரு பையன் சொன்னதைக் கேட்டு, வெளியூரிலிருந்து புதிதாக வந்த எங்கள் தமிழாசிரியர் "உடம்புக்கு என்னப்பா?" என்று விசாரித்தது பள்ளிக்கூடத்தில் பல வருஷம் ஓடிய கதை.

இந்த இரண்டு மருந்தும் எங்கள் வீட்டில் ஒரு நாள் ஒன்றாக வந்து நின்றன. அன்றிலிருந்துதான் எனக்கு இந்தக் காப்புரிமை விஷயத்தில், அதாவது பேடண்ட் விஷயத்தில், ஈடுபாடு. முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் வாத்தியாராக இருந்தவன் நான். பாஸ்பரஸ் பற்றி ஆயிரம் முறை பாடம் நடத்தியிருப்பேன். பேடண்ட் என்பது வக்கீல்கள் சமாச்சாரம் என்றே நினைத்திருந்தேன்.

என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், திருத்தங்கல் பக்கம் சின்னதாக ஒரு தீப்பெட்டி யூனிட் வைத்திருந்தார். கைத்தொழில்தான். குச்சி அடுக்குவது, மெழுகில் முக்குவது, மருந்தில் முக்குவது, காயவைப்பது, பெட்டியில் அடைப்பது. 2006 கடைசியில் அவருக்கு அடிக்கடி அசதி, இடது விலாவுக்குக் கீழே கனம். மதுரையில் ரத்தப் பரிசோதனை செய்தபோது வெள்ளை அணுக்கள் லட்சக் கணக்கில் இருந்தன. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் நல்ல மனிதர். "இதுக்கு இப்ப மாத்திரை இருக்கும்மா, தினம் ஒண்ணு, விடாம சாப்பிட்டா நல்லா இருப்பாரு" என்றார். மாத்திரையின் பெயர் இமாடினிப். நம் நாட்டுக் கம்பெனி தயாரித்தது. மாதச் செலவு எட்டாயிரத்தைத் தொட்டது. அத்தான் வருமானத்துக்கு அது பெரிய தொகை. ஆனாலும் முடியாத தொகை இல்லை. மருமகனும் நானும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம்.

சில மாதம் கழித்து மருந்துக் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "இந்த மாத்திரைக்குத்தான் சார் மெட்ராஸ் ஹைகோர்ட்ல கேஸ் நடக்குது. வெளிநாட்டுக் கம்பெனி மாத்திரை மாசம் ஒரு லட்சத்து இருபதாயிரம்." நான் வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அத்தான் எப்படியோ பேப்பரில் படித்துவிட்டார். கோபப்படவில்லை, பயந்த மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாப்ளே, நான் இத்தனை வருஷமா தீப்பெட்டி போடுறேன். இதையும் எவனோ ஒருத்தன்தான கண்டுபிடிச்சிருப்பான்? அவனுக்கு நாம ஒரு பைசா கொடுத்திருக்கமா? மாத்திரைக்கு மட்டும் ஏன்?"

வேதியியல் வாத்தியாருக்குப் பதில் தெரியவில்லை. அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உரசினால் பற்றும் தீக்குச்சியைச் செய்து விற்றவர் ஜான் வாக்கர். இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக் கடை வைத்திருந்தவர் (பாருங்கள், இங்கேயும் மருந்து!). அவர் கணக்குப் புத்தகத்தில் முதல் விற்பனை 1827 ஏப்ரல் 7 என்று பதிவாகியிருக்கிறது. நண்பர்கள் பேடண்ட் வாங்கச் சொல்லியும் அவர் வாங்கவில்லை. லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் அதே குச்சியை 'லூசிபர்' என்று பெயர் வைத்து விற்றார்.

பிறகு வெள்ளை பாஸ்பரஸ் குச்சி வந்தது. எதில் உரசினாலும் பற்றும். ஆனால் அதைச் செய்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகியது. பெரும்பாலும் பெண்கள், சிறு பிள்ளைகள். அதற்கு மாற்றாக, குச்சியில் ஒரு பாதி மருந்தும் பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸும் என்று பிரித்து வைத்ததுதான் 'சேப்டி' தீப்பெட்டி. ஸ்வீடன் நாட்டு வேதியியல் அறிஞர் குஸ்டாப் எரிக் பாஷ் 1844-ல் இதற்கு உரிமை வாங்கினார். யோன்ஷோப்பிங் என்ற ஊரைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதை வியாபாரமாக ஆக்கினார்கள். 1855-ல் இங்கிலாந்துக்கான உரிமையை பிரையன்ட் அண்ட் மே கம்பெனி வாங்கிக்கொண்டது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் பேடண்டின் ஆயுள் 14 வருஷம். முழு ஆயுளும் இருந்திருந்தாலும் 1869-ல் முடிந்திருக்கும்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறியது 1922-ல். அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி, அடுத்த வருஷம் இங்கே தொழில் தொடங்கினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில், வேறு பிழைப்பில்லாத இடத்தில், அந்த ஒரு பயணம் என்னவாக விளைந்தது என்பது ஊரறிந்த கதை. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் இதுவரை யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அவர்கள் இருவரும் கல்கத்தாவில் கற்றுக்கொண்ட தொழிலின் அடிப்படை பேடண்ட்கள் எல்லாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே காலாவதி ஆகியிருந்தன. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. யாருக்கும் ராயல்டி கட்ட வேண்டியதில்லை. அத்தான் கேட்ட கேள்விக்கு முதல் பாதிப் பதில் இதுதான். கண்டுபிடித்தவனுக்குக் கொடுக்க வேண்டியதை வேறு ஜனங்கள் கொடுத்து முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது நமக்குப் பொதுச்சொத்தாக வந்தது.

பேடண்ட் என்பதே அப்படி ஒரு ஒப்பந்தம். நீ கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடு. இத்தனை வருஷத்துக்கு வேறு எவனும் செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பின் அது ஊர்ப் பொது. சண்டையெல்லாம் அந்த 'இத்தனை வருஷம்' எத்தனை என்பதில்தான்.

14 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். இங்கிலாந்தில் 1624-ல் ஏகபோகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் போட்டார்கள். ராஜா தன் வேண்டியவர்களுக்கு உப்பு, சீட்டுக்கட்டு என்று எல்லாவற்றுக்கும் தனியுரிமை கொடுத்துக்கொண்டிருந்ததை அந்தச் சட்டம் ஒழித்தது. புதிய தொழிலைக் கொண்டுவருபவனுக்கு மட்டும் 14 வருஷம் விட்டுவைத்தது. அன்று ஒரு கைத்தொழிலைக் கற்க எடுபிடிப் பையனாகச் சேர்ந்தால் ஏழு வருஷம் இருக்க வேண்டும். அதைப்போல இரண்டு மடங்கு 14. அதாவது இரண்டு தலைமுறைப் பையன்கள் தொழில் கற்றுக்கொண்டு வெளியே போகும் காலம் என்று விளக்கம் சொல்கிறார்கள். அவர்கள் நாட்டுப் பட்டறை வழக்கம் நம் நாட்டுச் சட்டத்திலும் அப்படியே ஏறிவிட்டது.

இந்தியாவில் முதல் பேடண்ட் சட்டம் 1856-ல் வந்தது. அதிலும் 14 வருஷம். முதல் விண்ணப்பம் போட்டவர் கல்கத்தாவிலிருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங். தேதி 1856 மார்ச் 3. கண்டுபிடிப்பு என்ன தெரியுமா? பங்கா இழுக்கும் இயந்திரம்! நம் ஊர் வெயிலில் கரண்ட் இல்லாத நேரத்தில் இந்த மனிதரை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால் அந்தச் சட்டத்துக்கு ராணியின் முன் அனுமதி வாங்கவில்லை என்று அடுத்த வருஷமே ரத்து செய்து, 1859-ல் மறுபடி போட்டார்கள். பிறகு 1872, 1888 என்று திருத்தங்கள். கடைசியில் 1911-ல் இந்திய பேடண்ட் மற்றும் டிசைன் சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் வெகுகாலம் வைத்திருந்தது இதைத்தான்.

1911 என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஊர்க்காரர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம். வெள்ளை பாஸ்பரஸுக்கு மாற்றாக, தாடையை அழிக்காத செஸ்குவிசல்பைடு என்ற பொருளை வைத்து, எங்கே உரசினாலும் பற்றும் குச்சியை 1898-ல் பிரான்சில் சேவேன், காஹேன் என்ற இருவர் உருவாக்கினார்கள். அமெரிக்காவுக்கான அதன் பேடண்டை டயமண்ட் மேட்ச் கம்பெனி வாங்கி வைத்திருந்தது. மற்றக் கம்பெனிகள் பழைய விஷக் குச்சியையே செய்தன. தாடை அழுகுவது தொடர்ந்தது. ஜனாதிபதி டாப்ட் நேரடியாகக் கேட்டுக்கொண்ட பிறகு, 1911 ஜனவரி கடைசியில் டயமண்ட் கம்பெனி பேடண்டை விட்டுக்கொடுத்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று அறிவித்தது. அடுத்த வருஷம் வெள்ளை பாஸ்பரஸ் குச்சிமேல் அமெரிக்கா கடும் வரி போட்டது. 1913-ல் இந்தியாவிலும் வெள்ளை பாஸ்பரஸ் தீப்பெட்டித் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியில் தொழில் தொடங்கியபோது அந்த விஷம் சட்டப்படி கதவுக்கு வெளியே நின்றது. எங்கள் ஊர்ப் பெண்களின் தாடை தப்பியது. நம் தொழிலில் வேறு துயரங்கள் உண்டு, அதை மறைக்கவில்லை. இந்த ஒன்று மட்டும் இல்லாமல் போனதற்கு அந்தச் சட்டத்துக்கும் பங்குண்டு.

பேடண்ட் முடிந்துவிட்டால் ஏகபோகம் முடிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. ஸ்வீடன் நாட்டு இவார் க்ரூகர் என்ற தீப்பெட்டி ராஜா வேறு வழி கண்டுபிடித்தார். பணமுடையில் இருந்த அரசாங்கங்களுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டின் தீப்பெட்டி வியாபாரம் முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டார். ஜெர்மனியில் 1930-ல் அப்படிப் பிறந்த தீப்பெட்டி ஏகபோகம் 1983 வரைக்கும் இருந்தது. க்ரூகர் 1932-லேயே பாரிசில் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்துபோனார். அவர் கம்பெனியின் இந்தியக் கிளைதான் 1923-ல் தொடங்கிய விம்கோ. சென்னையில் திருவொற்றியூரைத் தாண்டினால் விம்கோ நகர் ஸ்டேஷன் வருகிறதே, அதே விம்கோ. அவர்களிடம் பெரிய இயந்திரமும் பெரிய முதலும் இருந்தன. சிவகாசியில் கையும் குடும்பமும் இருந்தன. பேடண்ட் இரண்டு பேரிடமும் குறுக்கே நிற்கவில்லை. அதனால்தான் சின்ன ஆள் பெரிய ஆளோடு மோத முடிந்தது.

உடம்புக்கான மருந்தில் கதை வேறு மாதிரி.

1911 சட்டத்தில் ஆயுள் 14 வருஷமாக இருந்ததை 1930-ல் 16 ஆக்கினார்கள். சுதந்திரம் வந்ததும் 1948-ல் நீதிபதி பக்ஷி டேக் சந்த் தலைமையில் ஒரு குழு. பிறகு 1957-ல் ஒரு நபர் குழு. அந்த ஒருவர் நம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார், பின்னால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். 1959 செப்டம்பரில் அவர் கொடுத்த அறிக்கை கொஞ்சமும் சுற்றி வளைக்காமல் எழுதப்பட்டது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட பேடண்ட்களில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவருடையவை, அவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் இந்த நாட்டில் தொழிலாக நடத்தப்படவே இல்லை என்று அவர் கண்டார். அதாவது இங்கே தொழில் நடத்துவதற்காக அல்ல, இங்கே யாரும் செய்யாமல் தடுத்து, வெளியில் செய்ததைக் கொண்டுவந்து விற்பதற்காக வாங்கி வைத்தவை. அதே காலத்தில் அமெரிக்க செனட்டில் கெபாவர் என்பவர் தலைமையிலான குழு மருந்து விலைகளை ஆராய்ந்தது. உலகத்திலேயே மருந்து விலை அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அது குறித்தது. ஏழை நாட்டில் விலை அதிகம்! என் வயதொத்தவர்களுக்கு நினைவிருக்கும், டைபாய்டு வந்த வீட்டில் நகை அடகுக்குப் போன காலம் அது.

ஐயங்கார் பேடண்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாடு எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ற சட்டம் வேண்டும் என்றார். 1965-ல் மசோதா வந்தது, காலாவதியானது. 1967-ல் மறுபடி வந்தது. 1970-ல் ஒருவழியாக நிறைவேறியது. 1972 ஏப்ரல் 20-ல் அமலுக்கு வந்தது. பொதுவான ஆயுள் மறுபடியும் 14 வருஷம். ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் தனிக் கணக்கு: உரிமை முத்திரையிட்டதிலிருந்து 5 வருஷம் அல்லது உரிமையின் தேதியிலிருந்து 7 வருஷம், எது முன்னால் முடிகிறதோ அது. அதுவும் பொருளுக்கு இல்லை, செய்முறைக்கு மட்டும்.

பொருளுக்கும் செய்முறைக்கும் வித்தியாசம் என்ன என்று அத்தானுக்கு நான் சொன்ன உதாரணத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவுக்கு ஒருவர் பேடண்ட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்முறைக்கு வாங்கினால், எண்ணெயில் பொரித்து எடுக்கும் அந்த முறைதான் அவருடையது. நான் அதே புரோட்டாவை வேறு வழியில் செய்து காட்டினால் அவர் என்னை ஒன்றும் கேட்க முடியாது. பொருளுக்கு வாங்கினால், புரோட்டாவே அவருடையது. நான் அதைத் தலைகீழாக நின்று செய்தாலும் குற்றம். "அப்ப கடைய மூடணும்" என்றார் அத்தான். 1972-லிருந்து நம் நாட்டு மருந்துக் கம்பெனிகள் இப்படித்தான் வளர்ந்தன. அதே மருந்து, வேறு வழி. மாத்திரை விலை இறங்கியது.

அப்புறம் டங்கல் வந்தார். 1991 டிசம்பரில் ஆர்தர் டங்கல் கொடுத்த வரைவு. அந்த நாட்களில் டங்கலை எதிர்க்கும் சுவரெழுத்துகள் எல்லா ஊரிலும் இருந்தன. பலர் அதை ஏதோ நோயின் பெயர் என்று நினைத்தார்கள். 1995 ஜனவரி 1-ல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதில் சேர்ந்த நாடுகள் எல்லாம் பேடண்டுக்கு 20 வருஷம் கொடுக்க வேண்டும், மருந்துக்கும் பொருள் உரிமை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நமக்குப் பத்து வருஷம் தவணை. ஆனால் அதுவரை வரும் மருந்து விண்ணப்பங்களை வாங்கி, ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்க வேண்டும். 2005-ல் பெட்டியைத் திறந்து பரிசீலிக்க வேண்டும். இதற்காக 1994-ன் கடைசி நாளில் ஒரு அவசரச் சட்டம் போட்டார்கள். அது நிரந்தரச் சட்டமாக ராஜ்யசபாவைத் தாண்டவில்லை, காலாவதியானது. அமெரிக்கா நம்மேல் வழக்குப் போட்டது. 1997 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் நாம் தோற்றோம். அதன் பிறகு 1999-ல் ஒரு திருத்தம். 2002 திருத்தத்தில் எல்லா பேடண்டுக்கும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம் என்று ஆனது. 2003 மே 20-ல் அது அமலானது. அன்று உயிரோடு இருந்த பழைய பேடண்ட்களும் சேர்ந்தே நீண்டன. 2005-ல் மூன்றாவது திருத்தம். மருந்துக்குப் பொருள் உரிமை திரும்பி வந்தது. இரண்டு தலைமுறைப் பையன்கள் கணக்கு போய், உலகம் முழுவதும் ஒரே கணக்கு. இருபது வருஷத்துக்கு என்ன காரணம் என்று எந்தப் பட்டறையையும் காட்ட முடியாது. பேரம் பேசிய மேஜையில் முடிவான எண் அது.

அந்த மூன்றாவது திருத்தத்தில் பார்லிமெண்டில் இழுபறிக்குப் பின் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பிரிவு 3(d). ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புது வடிவத்துக்கு, அது நோயைத் தீர்ப்பதில் முன்னதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டதாக இல்லாவிட்டால், பேடண்ட் கிடையாது. பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றிக்கொண்டு வந்து இன்னொரு 20 வருஷம் கேட்காதே என்பதைத்தான் சட்டத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அப்படி நீட்டி எழுதியிருக்கிறார்கள்.

அத்தானின் மாத்திரை நேரே இந்தப் பிரிவில் வந்து முட்டியது. இமாடினிப் மூலக்கூறுக்கு ஸ்விட்சர்லாந்து கம்பெனி வெளிநாடுகளில் பேடண்ட் கேட்டது 1990-களின் ஆரம்பத்தில். அப்போது இந்தியாவில் மருந்துக்குப் பொருள் உரிமை இல்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. அந்த மூலக்கூறின் உப்பினுடைய ஒரு படிக வடிவத்துக்கு, பீட்டா படிகம் என்பார்கள், 1998-ல் நோவார்ட்டிஸ் சென்னை பேடண்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்தது. அது பெட்டிக்குள் போனது. 2003 நவம்பரில் அதற்குத் தற்காலிகமாகத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதைக் காட்டி 2004-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சில இந்தியக் கம்பெனிகளுக்குத் தடை உத்தரவும் வாங்கினார்கள். பெட்டி திறந்ததும் புற்றுநோயாளிகளுக்கு உதவும் மும்பைச் சங்கமும் இந்தியக் கம்பெனிகளும் ஆட்சேபம் போட்டார்கள். 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. கம்பெனி அதை எதிர்த்ததோடு நிற்காமல், 3(d) பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றும் வழக்குப் போட்டது. மருந்துக் கடைக்காரர் சொன்ன கேஸ் இதுதான்.

2007 ஆகஸ்ட் 6-ல் நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் தீர்ப்புச் சொன்னார்கள். 3(d) செல்லும். அது உலக ஒப்பந்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது இந்த நீதிமன்றத்தின் வேலை இல்லை. மறுநாள் பேப்பரை அத்தான் மடித்து எண்ணெய்க் கடைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார். (அந்த நீதிபதி பிரபா ஸ்ரீதேவன்தான் பிற்காலத்தில் ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். சூடாமணி வாசகர்கள் இந்தப் பக்கம் சிலர் இருப்பதால் சொல்கிறேன்.)

அதோடு முடியவில்லை. மேல்முறையீட்டு வாரியம், பிறகு உச்ச நீதிமன்றம். 2009, 2010, 2011 என்று ஓடியது. எங்கள் வீட்டில் கல்யாணம் நடந்தது, பேத்தி பிறந்தாள், அத்தான் யூனிட்டை மகனிடம் கொடுத்தார். ஒவ்வொரு மூன்று மாதமும் மதுரைக்கு ரத்தப் பரிசோதனை. வழக்கு நடக்கும்போதெல்லாம் அக்கா என்னிடம் தனியாக வந்து, "தம்பி, தோத்துட்டா என்னாகும்?" என்பாள். நான் படித்தவரைக்கும் சொல்வேன்: 2005-க்கு முன்னாலேயே முதல் போட்டுத் தயாரித்து வந்தவர்கள், ராயல்டி கட்டிவிட்டுத் தொடர்ந்து தயாரிக்க சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, ஒரேயடியாக நின்றுபோகாது. விலை எவ்வளவு ஏறும் என்று அவள் கேட்டால் அதற்குப் பதில் இருக்காது.

கம்பெனி பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்தைப் பயன்படுத்தும் இந்திய நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். அப்படி இலவசமாகப் பெற்றுப் பிழைத்தவர்கள் நிறையவே உண்டு. இன்னொன்று, அந்த மூலக்கூறைக் கண்டுபிடிக்க யாரும் பணம் போட்டிருக்காவிட்டால் அத்தானுக்கு எந்த விலையிலும் மாத்திரை இல்லை. ஆகவே பேடண்டே கூடாது என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் இலவசம் என்பது கொடுப்பவரின் மனசைப் பொறுத்தது. எட்டாயிரம் ரூபாய் மாத்திரையை அத்தான் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினார். மீசைக்காரர், அதைத்தான் விரும்பினார்.

2013 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம் என்பதால் மருமகன் போனில் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா தேசாயும் நோவார்ட்டிஸின் மனுவைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பில் பழைய கதையெல்லாம் விரிவாக வருகிறது. நம் ராஜகோபால ஐயங்கார் அறிக்கையும் எடுத்துப் பேசப்படுகிறது. 1959-ல் சென்னைக்காரர் ஒருவர் எழுதி வைத்தது, 54 வருஷம் கழித்துத் திருத்தங்கல் வீட்டில் ஒரு மாத்திரை அட்டையின் விலையைப் பிடித்து நிறுத்தியது. அமெரிக்காவில் இதே மாத்திரைக்கு ஜெனரிக் வந்தது 2016 பிப்ரவரியில்தான். அதையும் அங்கே முதலில் விற்றது ஒரு இந்தியக் கம்பெனி, சன் பார்மா.

சட்டம் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. காசநோய்க்கான பெடாகுயிலின் மருந்தின் முதல் பேடண்ட் 2023 ஜூலையில் முடிந்தது. அதன் உப்பு வடிவத்துக்கு இன்னும் நான்கு வருஷம் கேட்ட விண்ணப்பத்தை அதே வருஷம் மார்ச்சில் நிராகரித்தார்கள். ஆட்சேபம் போட்டவர்களில் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் இருந்தார்கள். 2024 மார்ச்சில் விதிகளை மாற்றி, அப்படி முன்கூட்டியே ஆட்சேபம் போடுவதற்குக் கட்டணம் வைத்தார்கள். பேடண்டை நாட்டில் தொழிலாக நடத்துகிறார்களா என்று வருஷாவருஷம் கொடுக்க வேண்டிய கணக்கை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும் என்றும் ஆக்கினார்கள். ஐயங்கார் முதலில் கேட்ட கேள்வியே அந்தக் கணக்குதான். சட்டத்தில் கை வைக்காமல் விதியில் மாற்றினால் பேப்பரில் பெரிதாக வராது. எனக்கு இது பிடிக்கவில்லை.

முதல் மருந்திலும் இப்போது புதுப் பேச்சு. 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பசுமைப் பட்டாசு வந்தது அல்லவா? நாக்பூர் நீரி நிறுவனம் ஸ்வாஸ், சபல், ஸ்டார் என்று கலவைகளை உருவாக்கியது. அதைப் பெற, ரகசியம் காப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருக்கும் என் பழைய மாணவன் கேட்டான்: "சார், இது எத்தனை வருஷத்துக்கு?" பேடண்ட் என்றால் 20 என்று சொல்லிவிடலாம். எழுதிக் கொடுத்ததைப் படித்துக்கொள்ளலாம், வருஷாவருஷம் அவர்கள் கட்டணம் கட்டுகிறார்களா என்றுகூடப் பார்க்கலாம், கட்டாவிட்டால் உரிமை போய்விடும். ரகசியத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. நம் ஊர் போர்மேன்கள் அந்தக் காலத்தில் எந்த நிறத்துக்கு எந்த உப்பு எத்தனை பங்கு என்பதைச் சொந்தத் தம்பிக்கே சொல்லாமல் வைத்திருந்ததும் அந்த வகைதான். சிலர் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள், அந்த நிறமும் போய்விட்டது. மாணவனிடம் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நல்ல வக்கீலிடம் போகச் சொன்னேன்.

போன மாதம் திருத்தங்கல் போயிருந்தேன். அத்தானுக்கு இப்போது 76. காது மந்தம், மற்றபடி நடமாட்டம் இருக்கிறது. அவரிடம் இந்தக் கட்டுரையின் முதல் பாதியை உரக்கப் படித்துக் காட்டினேன். அய்ய நாடார் கல்கத்தா போன இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"அப்ப அவங்க போகும்போது பேடண்ட் இருந்திருந்தா?"

"வெறுங்கையோட திரும்பியிருப்பாங்க அத்தான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அக்கா தண்ணீர்ச் சொம்பும் மாத்திரையும் கொண்டுவந்து வைத்தாள்.